நாலு நாள் லீவு யாருக்கு? – கைவேலை விடுமுறையின் கதை

போன மாதம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சின்ன சம்பவத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன். வரலாறு பின்னால் வரும், பயப்படாதீர்கள் :-)

செமஸ்டர் பரீட்சை முடிந்து லீவு விட்டிருந்தார்கள். வகுப்பில் பாதிப் பேர் ஊட்டிக்குக் கிளம்பினார்கள். எனக்கென்னவோ இந்த முறை கும்பலோடு போக மனசில்லை. மூன்று வருடமாக காஸ்ட் அக்கவுண்டிங், இன்கம் டாக்ஸ் என்று பேனாவைத் தவிர கையால் எதையும் தொடாமல் இருந்தாயிற்று. மண்பாண்டம் செய்யக் கற்றுக்கொடுக்கும் ஒரு நாலு நாள் வகுப்பைப் பற்றி ஒரு நண்பன் சொன்னான். அங்கேயே தங்கல், சாப்பாடு, மண், சூளை எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். தனியாகப் போகலாம் என்று முடிவு செய்து அப்பாவிடம் கேட்டேன். அவர் கேட்டது இரண்டே கேள்வி. "எவ்வளவு ஆகும்? என்னிக்குத் திரும்பி வருவே?" பத்து நிமிடத்தில் அனுமதி கிடைத்துவிட்டது.

தோசை ஊற்றிக்கொண்டிருந்த அம்மா அப்போது சொன்னார்: "எனக்குக்கூட இப்படி நாலு நாளு எங்கியாச்சும் தனியாப் போயி, நிம்மதியா ஒக்காந்து எதாச்சும் கைவேலை கத்துக்கோணும்னு இருக்கும்."

அப்பா உடனே, "அப்புறம் இங்க சோறு யாரு ஆக்குறது?" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அம்மாவும் சிரித்துவிட்டு அடுத்த தோசையை ஊற்றினார்.

அன்று ராத்திரி எனக்கு அந்தச் சிரிப்பு கொஞ்சம் உறுத்தியது. எனக்குப் பத்து நிமிடத்தில் கிடைத்தது அம்மா கேட்டால் மட்டும் ஏன் ஜோக் ஆகிறது? அது போகட்டும், வீட்டை விட்டு நாலு நாள் எங்கோ தங்கி, ஒரு கைவேலையைக் கற்றுக்கொண்டு திரும்பும் இந்த வகை விடுமுறையை முதலில் யார் ஆரம்பித்தார்கள்? தேடிப் படித்ததில் இரண்டு கதைகள் கிடைத்தன. ஒன்று அமெரிக்காவின் மலைக்கிராமம் ஒன்றில் நடந்தது. மற்றது இங்கிலாந்தின் பழைய மாளிகை ஒன்றில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் கேள்விக்கு ஒரு பதில் வருகிறது.

ஒரே தறி, இரண்டு கணக்கு

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், அப்பலாச்சியன் மலைத்தொடரில் பென்லேண்ட் என்று ஒரு சிறிய ஊர். 1920ல் லூசி மார்கன் என்ற ஆசிரியை அங்கிருந்த பள்ளியில் பாடம் நடத்த வந்தார். மலைப்பகுதி, கையில் காசு புழங்காத குடும்பங்கள். அந்த ஊர்ப் பாட்டிமார் காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த கைத்தறி, மில் துணி வந்தபின் மறைந்துகொண்டிருந்தது. லூசி மார்கன் 1923ல் கென்டக்கி மாநிலத்தின் பெரியா கல்லூரிக்குப் போய் நெசவு கற்றுக்கொண்டு வந்தார். ஊர்ப் பெண்களுக்குத் தறியும் நூலும் கொடுத்து, அவர்கள் வீட்டில் நெய்ததை வாங்கி வெளியூரில் விற்றார். வீட்டு வேலைக்கு நடுவில் அந்தப் பெண்களின் கையில் சொந்தக் காசு வந்தது. 1933ல் பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்தபோது, ஒரு சின்ன மரக்குடிலையே லாரியில் ஏற்றிக்கொண்டு சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் போய் இந்தப் பொருட்களை விற்றார் என்றால் ஆளின் தைரியத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நமக்கு வேண்டிய விஷயம் இதற்கு நடுவில் நடக்கிறது. ஊர்ப் பெண்களுக்கு மேற்கொண்டு நுணுக்கங்கள் கற்றுக்கொடுக்க, எட்வர்ட் வொர்ஸ்ட் என்ற நெசவு வல்லுநர் சிகாகோவில் இருந்து வந்தார். அவர் வருகிறார் என்று தெரிந்ததும் வெளியூர்க்காரர்கள், "நாங்களும் வந்து கற்றுக்கொள்ளலாமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். 1929ல் அப்படி வெளியாட்களையும் சேர்த்துக்கொண்ட கோடை வகுப்புதான் பென்லேண்ட் கைவினைப் பள்ளியின் தொடக்கம். இன்றைக்கும் அந்தப் பள்ளி நடக்கிறது. ஒன்றிரண்டு வாரம் தங்கி நெசவு, மண்பாண்டம், கண்ணாடி, இரும்பு வேலை என்று கற்றுக்கொண்டு போகிறார்கள்.

கணக்குப் படிக்கிற எனக்கு இந்த இடம் ரொம்ப சுவாரசியம். தறி ஒன்றுதான், ஆசிரியரும் ஒருவர்தான். உள்ளூர்ப் பெண்ணின் கணக்கில் அது வருமானம். வெளியூரில் இருந்து வந்தவரின் கணக்கில் அது செலவு. ஒருவருக்கு உழைப்பாக இருப்பது மற்றவருக்கு ஓய்வாகிவிடுகிறது. நாம் காசு கொடுத்துப் போய் மண்ணைப் பிசைவது இன்பமாக இருக்கிறது என்றால், நாளைக்குள் நூறு பானை முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை என்பதுதான் காரணம்.

லீவு இல்லாத வேலை

இனி இங்கிலாந்து. அதற்கு முன் ஒரு சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். 1938ல் பிரிட்டனில் 'சம்பளத்துடன் விடுமுறை'ச் சட்டம் வந்தது. தொழிலாளிக்கு வருடத்தில் ஒரு வாரமாவது சம்பளம் பிடிக்காமல் லீவு தர வேண்டும் என்ற எண்ணம் அதன் மூலம் வலுப்பெற்றது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1936ல், பில்லி பட்லின் என்ற வியாபாரி ஸ்கெக்னெஸ் கடற்கரையில் தன் முதல் விடுமுறை முகாமைத் திறந்திருந்தார். ஒரு வாரச் சம்பளத்தில் ஒரு வார விடுமுறை என்பதுதான் அவருடைய வியாபாரத் தந்திரம். லீவு, சம்பளம், போக ஓர் இடம் எல்லாம் வந்துவிட்டன.

ஆனால் யோசித்துப் பாருங்கள். சம்பளத்துடன் லீவு வேண்டுமானால் முதலில் சம்பளம் வேண்டும். சம்பளம் இல்லாத வேலைக்கு லீவு எங்கிருந்து வரும்?

பொருளாதாரப் பாடத்தில் பிகு என்ற அறிஞரின் பிரபலமான உதாரணம் ஒன்று உண்டு (பேர்தான் பிகு, ஆள் பிகு பண்ணுபவரா என்று தெரியாது). ஒருவர் தன் வீட்டு வேலைக்காரப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டால் நாட்டு வருமானம் குறைந்துவிடும் என்பதுதான் அது. அவள் செய்யும் வேலை அப்படியேதான் இருக்கிறது, சம்பளம் நின்றுவிட்டதால் கணக்கில் இருந்து காணாமல் போகிறது. இதைப் படித்தபோது இரண்டு மார்க் கேள்விக்கு ஆகும் என்று குறித்து வைத்தேனே தவிர, எங்கள் வீட்டுச் சமையலறையோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய் வாடகை வீட்டில் தங்கினால், அங்கேயும் அடுப்பு அம்மாவுக்குத்தான். பட்லின் முகாமில் மூன்று வேளையும் சாப்பாடு போட்டார்கள், அந்த வகையில் பெண்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. ஆனால் அங்கேயும் அவள் யாரோ ஒருவரின் மனைவியாக, யாரோ சிலரின் அம்மாவாகத்தான் போனாள். தனக்காகத் தனியாகப் போவது என்ற ஏற்பாடு பெரும்பாலான குடும்பங்களின் நினைப்பிலேயே இல்லை.

ஜாம் காய்ச்சியவர்கள் வாங்கிய மாளிகை

இந்த இடத்தில்தான் மகளிர் சங்கம் வருகிறது. இதன் வேர் கனடாவில் இருக்கிறது. அடிலெய்ட் ஹூட்லெஸ் என்ற தாய் 1889ல் தன் கைக்குழந்தையைப் பறிகொடுத்தார். கெட்டுப்போன பால்தான் காரணம் என்று அறிந்தவர், வீட்டுப் பெண்களுக்கும் படிப்பு வேண்டும் என்று பேச ஆரம்பித்தார். அதன் விளைவாக 1897ல் ஒண்டாரியோவின் ஸ்டோனி க்ரீக்கில் முதல் மகளிர் சங்கம் பிறந்தது. 1915ல், உலகத்திலேயே நீளமான பெயர் கொண்ட ஊர்களில் ஒன்று என்று நாம் பொது அறிவுப் புத்தகத்தில் படிப்போமே, வேல்ஸ் நாட்டின் லான்வைர்புல், அங்கே பிரிட்டனின் முதல் சங்கம் தொடங்கியது. முதல் உலகப்போரின் சாப்பாட்டுத் தட்டுப்பாட்டுக் காலம் அது. கிராமம் கிராமமாகப் பரவியது. மாதம் ஒரு கூட்டம், ஒரு செய்முறை விளக்கம், ஒரு கோப்பை தேநீர். 1920ல் கைவினை கற்பவர்களுக்கென்றே தனிக் குழு ஒன்றை அமைத்து, கூடை பின்னுவது, மெத்தைவிரிப்பு தைப்பது, கையுறை தைப்பது என்று முறையாகக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள்.

1917ல் இந்தச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு உருவானபோது தலைமைக்கு வந்தவர் லேடி டென்மன். 1946 வரை அவர்தான் தலைவர். பெரிய பணக்காரரின் மகள். கணவர் ஆஸ்திரேலியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, 1913ல் புதிய தலைநகருக்கு 'கான்பெரா' என்ற பெயரை மேடையேறி அறிவித்தது இவர்தான் (குவிஸ் நண்பர்கள் குறித்துக்கொள்ளவும்). இரண்டாம் உலகப்போரில் வயலில் வேலை செய்த மகளிர் படைக்குத் தலைமை ஏற்றார். போர் முடியும் தறுவாயில் மற்ற படையினருக்குக் கிடைக்கும் சலுகைகள் இந்தப் பெண்களுக்குக் கிடையாது என்று அரசாங்கம் சொன்னதும், 1945ல் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

அதே போர்க்காலத்தில் கிராமத்துச் சங்கப் பெண்கள் செய்த வேலையைக் கேளுங்கள். 1940 முதல் 1945 வரை 5,300 டன்னுக்கு மேல் பழங்களைக் கெட்டுப்போகாமல் ஜாமாகவும் டின்னிலும் அடைத்தார்கள். ஆறு வருடம் இப்படி உழைத்தவர்கள், போர் முடிந்ததும் தங்களுக்கென்று ஒன்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது ஒரு கல்லூரி! பட்டம் தரும் கல்லூரி இல்லை. சில நாட்கள் வந்து தங்கி, பிடித்ததைக் கற்றுக்கொண்டு திரும்பும் கல்லூரி.

இந்த யோசனை வானத்தில் இருந்து குதித்ததல்ல. டென்மார்க்கில் 1844ல் தொடங்கிய மக்கள் உயர்பள்ளிகள் இதற்கு முன்மாதிரி. பரீட்சை இல்லை, மார்க் இல்லை, ஒன்றாகத் தங்கிப் படிப்பதுதான் அங்கே முக்கியம். ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த சர் ரிச்சர்ட் லிவிங்ஸ்டன் 1941ல் எழுதிய புத்தகத்தில் இதே மாதிரி பிரிட்டனிலும் வேண்டும் என்று வாதாடினார். போருக்குப் பிறகு காலியாகக் கிடந்த பல மாளிகைகள் இப்படிக் குறுகிய காலத் தங்கும் கல்லூரிகள் ஆயின.

கார்னெகி அறக்கட்டளை உதவித்தொகை கொடுத்தது. மீதிக்கு ஊர் ஊராகச் சங்கங்கள் நிதி திரட்டின. ஆக்ஸ்போர்டுக்கு அருகே மார்ச்சம் என்ற கிராமத்தில் இருந்த பழைய மாளிகையை வாங்கி, 1948 செப்டம்பர் 24 அன்று திறந்தார்கள். பெயர் டென்மன் கல்லூரி.

1948 என்பது அங்கே ரேஷன் காலம். துணிக்கு ரேஷன் 1949 வரை, சர்க்கரைக்கு 1953 வரை, இறைச்சிக்கு 1954 வரை நீடித்தது. அத்தனை பெரிய மாளிகைக்குக் கட்டில், திரைச்சீலை, விரிப்பெல்லாம் எங்கே போவது? ஒவ்வொரு மாவட்டச் சங்கமும் ஓர் அறையை ஏற்றுக்கொண்டது. அந்த அறைக்குத் தேவையானதை அந்த மாவட்டப் பெண்களே சேர்த்தும் செய்தும் கொடுத்தார்கள். அறைகள் மாவட்டங்களின் பெயரால் அழைக்கப்பட்டன.

எனக்கு மிகவும் பிடித்த தகவல் இதுதான். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு ராத்திரிகூட வெளியே தனியாகத் தங்காத ஒரு பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்கிறாள். அவள் படுக்கப்போகும் கட்டிலின் விரிப்பைத் தன்னைப் போன்ற இன்னொரு பெண் அவளுக்காகத் தயார் செய்து வைத்திருக்கிறாள். மணி அடித்தால் சாப்பாடு வருகிறது. அதை அவள் சமைக்கவில்லை. தினமும் சமைப்பவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

சாக்கு என்ற பாஸ்போர்ட்

அங்கே இலக்கியம், இசை, ஓவியம் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் கைவேலைக்கும் சமையலுக்கும் எப்போதும் தனி இடம் இருந்தது. ஏன் கைவேலை? என் அனுமானம் இதுதான். "நாலு நாள் சும்மா இருந்துவிட்டு வருகிறேன்" என்று எந்தக் குடும்பப் பெண்ணாலும் சொல்ல முடியாது. "நாற்காலிக்குப் பிரம்பு பின்னக் கற்றுக்கொண்டு வருகிறேன், வந்து சங்கத்தில் மற்றவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும்" என்றால் கணவன், மாமியார், ஊர் எல்லோருக்கும் பதில் ஆயிற்று. திரும்பி வரும்போது கையில் ஒரு பொருளும் இருக்கும், ஆதாரத்துக்கு! கைவேலை அவர்களுக்கு ஒரு லீவு லெட்டர். செலவுக்குச் சங்கங்களே உதவித்தொகையும் கொடுத்ததால், "சங்கம் அனுப்புகிறது" என்று சொல்லிக்கொள்ளவும் முடிந்தது.

சாக்கு என்றால் மட்டமாக நினைக்க வேண்டாம். லீவு எடுக்க உரிமை இல்லாதவர்களுக்குச் சாக்குதான் பாஸ்போர்ட்.

இந்தக் கல்லூரி 72 வருடம் ஓடியது. பின்னாட்களில் சங்கத்தில் இல்லாதவர்களும் சேர முடிந்தது. ஆனால் பழைய மாளிகை என்பது காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் வரும் நிலையான செலவின் உருவம். மாணவர் வந்தாலும் வராவிட்டாலும் கூரைக்கும் கணப்புக்கும் பணம் போய்க்கொண்டே இருக்கும். பல வருடமாக நஷ்டத்தில் இருந்ததை 2020ல் கொரோனா முற்றிலும் சாய்த்தது. அந்த வருடமே கல்லூரி நிரந்தரமாக மூடப்படுவதாக அறிவித்தார்கள். வகுப்புகள் இணையத்துக்கு மாறின.

இணையத்தில் கூடை பின்னக் கற்றுக்கொள்ளலாம், மறுப்பதற்கில்லை. செலவு குறைவு, தூரம் ஒரு பிரச்சினை இல்லை. ஆனால் வீடியோவை நிறுத்திவிட்டு நடுவில் குக்கர் விசிலுக்கு எழுந்து போக வேண்டியிருக்கும். டென்மன் கல்லூரி கொடுத்ததில் பாதி கைவேலை என்றால் மீதிப் பாதி அந்த விசில் கேட்காத தூரம்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது?

இப்போது நம் ஊரிலும் இப்படிப்பட்ட வகுப்புகள் நிறைய வந்துவிட்டன. தனியாகப் போக நினைப்பவர்களுக்கு இந்த வரலாற்றில் இருந்து நான் எடுத்துக்கொண்டவை:

1. நாட்களைப் பாருங்கள். மூன்று நாலு நாள் போதும். அதற்கு மேல் போனால் வீட்டில் ஏற்பாடு செய்ய முடியாமல் பயணமே ரத்தாகிவிடும். ஒரே நாள் என்றால் மனசு வீட்டிலேயே இருக்கும்.

2. சாப்பாடும் தங்கலும் அங்கேயே உண்டா என்று கேளுங்கள். தினமும் சமைப்பவர் போகிறார் என்றால் இதுதான் முதல் கேள்வி.

3. புதிதாகத் தொடங்குபவர்கள் மற்றவர்களும் வருகிறார்களா என்று விசாரியுங்கள். தனியாகப் போகிறவருக்கு, தன்னைப் போலவே தடுமாறும் ஆள் பக்கத்தில் இருந்தால் பாதி பயம் போய்விடும்.

4. அந்தக் கைவேலையால் பிழைக்கும் உள்ளூர்க்காரருக்கு நீங்கள் கொடுக்கும் பணத்தில் பங்கு போகிறதா என்று பாருங்கள். பென்லேண்டில் பள்ளிக்கு முன்னால் வந்தது உள்ளூர்ப் பெண்களின் கூலி என்பதை மறக்க வேண்டாம்.

5. போகிறவர் என்ன கற்க வேண்டும் என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

ஐந்தாவதை நான் கற்றுக்கொண்ட கதையோடு முடிக்கிறேன். எங்கள் அம்மா ஒயர் கூடை பின்னுவதில் கில்லாடி. சிவன் கண் முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு எல்லாம் அத்துப்படி. எங்கள் தெருவில் பாதி வீட்டில் அவர் பின்னிய கூடைதான் சந்தைக்குப் போகிறது. இத்தனையும் படித்த பெருமையில் நான் போன ஞாயிற்றுக்கிழமை பனையோலையிலும் பிரம்பிலும் கூடை பின்னக் கற்றுக்கொடுக்கும் ஒரு வகுப்பைத் தேடி எடுத்துக்கொண்டு போய், "அம்மா, உனக்குன்னே பார்த்து வச்சிருக்கேன், நாலு நாள் போய்ட்டு வா" என்றேன்.

அம்மா முகத்தைப் பார்த்தார். "கூடை பின்னத்தான் எனக்குத் தெரியுமே கண்ணு. நீ போறேன்னியே, அந்த மண்ணு வேலை. அது என்னன்னு பாக்கோணும்" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று அவரிடம் கேட்கவே இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த வகுப்பில் எனக்கென்று சொல்லி வைத்திருந்த இடத்தை அம்மா பெயருக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். அப்பா இன்னும் முழுசாகச் சம்மதிக்கவில்லை. "பார்க்கலாம்" என்ற நிலையில் இருக்கிறார். "சோறு யாரு ஆக்குறது?" என்ற கேள்விக்கு இந்த முறை ஒரு பதில் இருக்க வேண்டும் என்பதால் நான் சமைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். ரசம் வந்துவிட்டது. சாம்பாரில் புளி கூடிவிடுகிறது. கிளம்ப இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, அதற்குள் சரியாகிவிடும்.